பனை வட்டுக்கு வெளிச்சம்

என் மோட்டார் சைக்கிளின் ஹெட்லைட்டைப் பற்றி முதலில் ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். வண்டி வேகமாகப் போனால் அது பிரகாசமாக எரியும். மெதுவாகப் போனால் மங்கிவிடும். பற்றரியைத் தொடாமல் நேரே இஞ்சினிலிருந்தே மின்சாரம் எடுக்கும் பழைய ஜப்பான் வண்டி அது. ஆகவே பாதை நன்றாகத் தெரிந்த இடத்தில் பறந்து போகும்போது அது இன்னும் நன்றாகத் தெரியும். முன்னால் ஏதோ கிடக்கிறதே என்று சந்தேகப்பட்டு வேகத்தைக் குறைத்தால், சரியாக அந்த நேரம் பார்த்து வெளிச்சமும் குறையும். வாழ்க்கையில் பலர் எனக்கு இப்படித்தான் உதவி செய்திருக்கிறார்கள் என்பதால், வண்டியை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கல்யாணத்துக்கு முதலே வாங்கிய வண்டி. யுத்த காலத்தில் அந்த மங்கல் ஒரு குறையாகவே தெரியவில்லை. சோதனைச் சாவடிக்குக் கிட்டப் போனால் வெளிச்சத்தைக் குறைத்துவிட்டுத்தான் போக வேண்டும். மற்றவர்கள் இருட்டில் சுவிட்சைத் தேடிக்கொண்டிருக்க, என் வண்டி தானாகவே அடக்க ஒடுக்கமாக மங்கிக்கொள்ளும். திருகோணமலையில் மரியாதை தெரிந்த ஒரே ஹெட்லைட் என்னுடையதுதான் என்று துறைமுகத்து நண்பர்களிடம் பெருமை அடித்திருக்கிறேன். அங்கே நான் ஸ்ரோர் கீப்பராக இருந்தேன். கப்பலில் இருந்து வந்த ஆணி முதல் வடக்கயிறு வரை எல்லாம் என் பதிவேட்டைக் கடந்துதான் உள்ளே போகும், வெளியே வரும். இரண்டு வருடத்துக்கு முன் ஓய்வு பெற்றேன். பதிவேடு போய்விட்டது, அந்தக் குணம் போகவில்லை.

நான் ஓய்வு பெற்ற அதே வருடம் ஆசிரியையான என் மனைவிக்குக் குச்சவெளிக்கு அப்பால் உள்ள பாடசாலைக்கு மாற்றம் வந்தது. நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டுமானால் புல்மோட்டை பஸ்ஸை விடியுமுன் பிடிக்க வேண்டும். எங்கள் வீடு நிலாவெளி வீதியிலிருந்து பிரியும் ஒரு குறுகிய ஒழுங்கையில் நன்றாக உள்ளே தள்ளி இருக்கிறது. தெரு விளக்கு இல்லாத அந்தத் தூரத்தைக் கடக்கப் பத்து நிமிடம். தினமும் அவளை ஏற்றிக்கொண்டுபோய் பஸ் தரிப்பிடத்தில் விடுவது என் வேலை.

அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிள்ளைகள் இருவரும் வெளிநாடு போன பிறகு வீட்டில் நாங்கள் பேசிக்கொள்வது காஸ் முடிந்ததைப் பற்றியும் குழாயில் தண்ணீர் வந்ததைப் பற்றியும்தான். ஆனால் வண்டியில் ஏறி உட்கார்ந்தால் அவளுக்குக் கதை வந்துவிடும். என் வலது காதுக்குப் பின்னால் அவள் பேசிக்கொண்டே வருவாள். ஆசிரியர் அறையில் யார் யாரோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை, மகள் கனடாவில் ஏன் திடீரென்று கத்தரிக்காய் கேட்கிறாள், தனக்கு இரவு என்ன கனவு வந்தது. அவள் முகத்தை நான் பார்ப்பதில்லை, என் முகத்தை அவள் பார்ப்பதில்லை. அதனால்தான் பேச முடிந்ததோ என்னவோ. அந்தப் பத்து நிமிடம் எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. அதை அவளிடம் சொல்லும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

இப்படிப் போய்க்கொண்டிருக்கையில் எங்கள் ஒழுங்கைக்கு அரசாங்கம் கொங்கிறீற் போட்டுத் தந்தது. நாங்கள் நன்றி சொல்லி முடிப்பதற்குள் ஊர் மாடுகள் அதைக் கையேற்றுக்கொண்டன. பகல் வெயிலைக் குடித்த கொங்கிறீற் விடியும் வரைக்கும் சூடாக இருக்கும். முன்பு மரத்தடியில் படுத்த மாடுகள் எல்லாம் இப்போது நடு வீதியில் வரிசையாகப் படுத்தன. வெள்ளை மாட்டை என் ஹெட்லைட் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு கறுப்பு மாட்டைக் காட்டவில்லை.

பெரிய விபத்து என்று சொல்ல முடியாது. நான் ஏதோ கிடக்கிறது என்று வேகத்தைக் குறைத்தேன், வெளிச்சமும் தன் வழக்கப்படி குறைந்தது, முன் சில்லு மாட்டின் வயிற்றில் போய் மெத்தென்று முட்டி நின்றது. மாடு எழும்பவும் இல்லை. வண்டி சரிந்து மனைவி விழுந்தாள். முழங்கால் சிராய்த்து, சேலைக் கரை கிழிந்தது. அவள் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். அன்றைக்கு லீவு.

"நாளையிலயிருந்து நான் ஓட்டோவில போறன்" என்றாள் மருந்து போட்டுக்கொண்டே. "நீங்கள் ஆறுதலா நித்திரை கொள்ளுங்கோ."

"லைட்டை மாத்திப்போட்டு நானே கூட்டிக்கொண்டு போறன்."

"மாத்திப்போட்டுச் சொல்லுங்கோ."

பக்கத்து ஒழுங்கை ஓட்டோக்காரரை நான் வெறுக்க முயன்றேன். முடியவில்லை. நேரம் தவறாத மனிதர். பவ்வியமாக ஹோர்ன் கூட அடிக்காமல் வாசலில் வந்து நிற்பார். அவருடைய வண்டியின் முன்னால் இரண்டு பெரிய விளக்கு, அவற்றின் மேல் நீலமும் சிவப்புமாக வரிசை விளக்கு. மாடுகள் அதைக் கண்டதும் எழுந்து வழிவிடும் என்று கேள்விப்பட்டேன். மனைவி ஏறிப் போன பிறகு அந்த இருட்டில் நான் வாசற்படலையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். நித்திரையும் வருவதில்லை. அவள் ஓட்டோவுக்குப் பழகுமுன் லைட்டைச் சரிசெய்துவிட வேண்டும். பழகிவிட்டால் பிறகு சூரியனையே கொண்டுவந்து பூட்டினாலும் பிரயோசனம் இல்லை.

முதலில் நகரத்துக் கடையில் அதிக வலுவுள்ள பல்ப் ஒன்றை வாங்கிப் போட்டேன். வெளிச்சம் முன்னையதைவிடக் குறைந்தது. அந்தக் கிழட்டு இஞ்சின் தரும் மின்சாரம் பழைய பல்ப்புக்கே போதாது, புதியது அதைவிடப் பசியோடு வந்திருக்கிறது என்று பிறகுதான் விளங்கியது. மூன்றாம் நாள் பல்ப் ஹோல்டர் உருகி மணத்தது. இதற்கிடையில் ஊரே ஆலோசனை சொன்னது. புது வண்டி வாங்கச் சொன்னவர்கள் பாதி, மாட்டுக்காரனோடு சண்டைக்குப் போகச் சொன்னவர்கள் மீதி. கடைசியில் என்னோடு துறைமுகத்தில் வேலை செய்த ஒருவர்தான் கிண்ணியாவில் வள்ளங்களுக்கு லைட் பூட்டும் ஒருவரைப் பற்றிச் சொன்னார்; முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல் ஊருக்கே அவர் நானா. இரவில் கணவாய் மீன் பிடிக்கப் போகிறவர்கள் எல்லாம் அவரிடம்தான் போவார்களாம். கடலுக்கு அடியில் கிடக்கிற கணவாயையே மேலே கூப்பிடும் வெளிச்சத்துக்கு ஒரு கறுப்பு மாட்டைக் காட்டுவதா கஷ்டம் என்று நினைத்தேன்.

பாலம் தாண்டி, கரையோரத்தில் தகரக் கொட்டில். நானா என் வண்டியை இயக்கச் சொல்லி லைட்டைப் பார்த்தார்.

"இது லைட் இல்ல சேர், குப்பி விளக்கு" என்றார். "பற்றரிக்கு மாத்தி, புது வயர் இழுத்து, வள்ளத்துக்குப் பூட்டுற எல்இடி ஒண்டு வெச்சித் தாறன். ஆனா எங்கட வேல ஒரு மாதிரி. ஒருக்கா பூட்டினா பூட்டினதுதான். உப்புக் காத்துக்கு நட்டு ரெண்டு மாசத்துல துருப்பிடிச்சிப் போகும். அதுனால மட்டம் பாத்து வெச்சிட்டு, பின்பக்கம் முழுக்க வள்ளத்துக்குப் பூசுற ரெசின ஊத்தி இறுக்கிருவம். அலை அடிச்சாலும் அசையாது."

அசையாத ஒன்று என் வண்டியில் இருப்பதே பெரிய விஷயம் என்று சம்மதித்தேன்.

வேலை முடிய மூன்று நாளானது. மட்டம் பார்க்கும் நாளன்று நான் அளவு நாடாவும் சோக்குக் கட்டியும் கொண்டு போனேன். முப்பது வருடம் அளந்து பதிந்த மனிதன் இன்னொருவர் கண்மதிப்பை நம்புவானா? வண்டியைச் சுவரிலிருந்து இத்தனை அடி தள்ளி நிறுத்தி, நானே ஏறி உட்கார்ந்து, லைட்டின் நடுப்புள்ளிக்கு இத்தனை அங்குலம் கீழே வெளிச்சம் விழ வேண்டும் என்று சுவரில் கோடு கீறிக் காட்டினேன். நானா ரெசின் வாளியைக் கலக்கிக்கொண்டே ஒரு கேள்வி கேட்டார்.

"வள்ளத்துல பூட்டக்குள்ள நாங்க முதல்ல இதத்தான் கேக்கிற. வெறும் வள்ளம் ஒரு மட்டத்துல நிக்கும். ஐஸ், வலை, ஆள் எல்லாம் ஏறினா வேற மட்டம். நீங்க இதுல என்ன ஏத்துவீங்க சேர்?"

"ஒண்டும் ஏத்துறேல்லை நானா. எப்பவாவது மரக்கறிப் பை."

"நிச்சயமா?"

"முப்பது வருசம் ஸ்ரோரில இருந்தனான். என்ன ஏத்துறன், என்ன இறக்கிறன் எண்டு எனக்குத் தெரியாதோ?"

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. ரெசினை ஊற்றினார். அது இறுகும் வரைக்கும் நாங்கள் பிளேன்ரீ குடித்தோம்.

பொழுதுபட்ட பிறகு பாலத்தின் மேல் தனியே திரும்பி வந்தேன். என் வாழ்நாளில் நான் அவ்வளவு தூரத்துக்கு முன்னால் பார்த்ததில்லை. வெளிச்சம் கோடு கீறியதுபோல் வீதியில் விழுந்தது. தாரில் கிடந்த சிப்பி ஓடு வரைக்கும் தெரிந்தது. வேகத்தைக் குறைத்துப் பார்த்தேன், மங்கவில்லை. வேண்டுமென்றே நிறுத்திப் பார்த்தேன், அப்போதும் மங்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் மனைவியை வெளியே கூப்பிட்டுக் காட்டினேன்.

"பரவாயில்லை" என்றாள். எங்கள் வீட்டில் இது உச்சமான பாராட்டு. "சரி, நாளைக்கு ஒருக்கா வந்து பாக்கிறன். சரிவந்தாத் தொடர்ந்து வாறன். இல்லாட்டி ஓட்டோக்காரரோட மாதக் கணக்குக்குக் கதைச்சுப்போடுவன்."

அடுத்த நாள் விடியுமுன் வண்டியை வாசலில் நிறுத்தி லைட்டைப் போட்டேன். வெளிச்சம் ஒழுங்கையில் நேராக விழுந்தது. மனைவி கைப்பையோடு வந்து பின்னால் ஏறி உட்கார்ந்தாள். வெளிச்சம் மெல்ல எழுந்து பக்கத்து வீட்டு மாமரத்துக்குப் போனது. நிலம் சரிவாக இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு புறப்பட்டேன்.

ஒழுங்கை திரும்பியதும் பனங்கூடல். அன்றைக்குப் போலப் பனை வட்டை, அந்த உச்சி ஓலைக் கூட்டத்தை, நான் பகலில் கூடப் பார்த்ததில்லை. எந்தப் பனையில் எத்தனை நுங்குக் குலை என்று எண்ணலாம். வௌவால்கள் பதறிப் பறந்தன. மின்சாரக் கம்பி பளபளத்தது. கீழே, என் முன் சில்லுக்கு முன்னால், குழியா மாடா மனிதனா என்று ஒன்றும் தெரியவில்லை. கால் இரண்டையும் நிலத்தில் தேய்த்துக்கொண்டு, நடக்கிற வேகத்தில் போனேன். காதுக்குப் பின்னால் ஒரு கதையும் இல்லை. பெரிய வீதியில் ஏறியதும் எதிரே வந்த மீன் லொறி பிரேக் அடித்து நின்றது. சாரதி கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு தலையை வெளியே நீட்டினார்.

"ஐயா, சீனன்குடாவுக்கு வாற பிளேனுக்கோ லைட் காட்டுறியள்?"

ஒருவழியாகப் பஸ் தரிப்பிடத்துக்கு வந்து சேர்ந்தோம். மனைவி இறங்கினாள். அவள் இறங்கியதும் வெளிச்சம் நல்ல பிள்ளையாகக் கீழே இறங்கி வீதியில் படுத்துக்கொண்டது. அவள் அதைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

"உதுக்கு மட்டம் பார்த்தது ஆர்?"

"நான்தான்."

"அப்ப பின்னுக்கு ஆர் இருந்தது?"

"ஒருத்தரும் இல்லை. பின் ஸ்பிரிங் ரெண்டும் பழசு. அதாலதான் இப்பிடிப் பதியுது."

"அந்த மனிசன் கேக்கேல்லையோ?"

பொய் சொல்லியிருக்கலாம். விடியற்காலையில் எனக்குப் பொய் வராது.

"கேட்டவர். நான் ஒண்டும் ஏத்துறேல்லை எண்டு சொன்னனான்."

அவள் கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். கோபம் என்றால் எனக்குப் பழக்கம், தாங்கிக்கொள்வேன். அவள் முகத்தில் கோபம் இல்லை, ஏதோ தெரிந்துகொண்டவள்போல் தலையை மெல்ல ஆட்டினாள். பஸ் வந்தது. வழக்கமாக ஏறும்போது "கவனமாப் போங்கோ" என்பாள். அன்று சொல்லவில்லை.

தனியே திரும்பி வந்தேன். வெளிச்சம் ஒரு பிசகும் இல்லாமல் வீதியில் விழுந்தது. ஒற்றை ஆளுக்கு அவ்வளவு துல்லியமாக அளந்திருந்தேன். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். அந்த முதுகோடு ஒட்டி இத்தனை வருடம் ஒருத்தி உட்கார்ந்து வந்திருக்கிறாள், அவளுக்காகவே இந்த வேலையைத் தொடங்கினேன், ஆனால் என்ன ஏற்றுவாய் என்று ஒரு மனிதன் கேட்டபோது அவள் என் நினைவுக்கு வரவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் பாரமே தெரியாமல் இருந்தாள், அதனால்தான் மறந்தேன் என்று சொல்லிப் பார்க்கலாமா என்று யோசித்தேன். ஐம்பது வயது தாண்டிய மனைவியிடம் அவளுடைய பாரத்தைப் பற்றி எந்தப் பக்கத்தால் பேசப் போனாலும் ஆபத்துத்தான் என்று விட்டுவிட்டேன்.

அன்றே கிண்ணியாவுக்குப் போனேன். நானா உளியை வைத்து ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு நிறுத்தினார்.

"உடைக்கலாம் சேர். லைட்டுக் கூடும் சேந்து உடையும். இந்த வண்டிக்கு இப்ப கடையில கூடும் எடுக்க ஏலாது, ஸ்பிரிங்கும் எடுக்க ஏலாது. அது சரி, ஆரு ஏறின?"

"வைஃப்."

அவர் உளியைக் கீழே வைத்தார். "அதையா ஒண்டுமில்ல எண்டீங்க?"

சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் சிரிக்கவில்லை. எதிரே வருகிறவர்களின் கண்ணுக்காகக் கண்ணாடியில் பாதிக்குக் கறுப்பு ரேப் ஒட்டி அனுப்பிவிட்டார். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதைதான். மாவட்டத்திலேயே வலுவான ஹெட்லைட் என் வண்டியில் இருக்கிறது, அதில் பாதியை மூடி வைத்திருக்கிறேன்.

அன்று இரவு சாப்பிடும்போது சொன்னேன். "நீர் ஓட்டோவிலயே போம். நான் நாளைக்கு அவரோட கதைக்கிறன்."

அவள் பிட்டைக் குழைத்துக்கொண்டிருந்தாள். கறியை இன்னும் கொஞ்சம் விட்டுக்கொண்டாள். நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

விடியுமுன் எழுந்து பார்த்தால் படலை திறந்திருந்தது. சேலை உடுத்து, கைப்பையைத் தோளில் மாட்டி, அவள் மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் நின்றாள். கையில் ரோச் லைட்.

"என்ன பார்த்துக்கொண்டு நிக்கிறியள்? பஸ் போகப்போகுது."

ஏறி உட்கார்ந்தாள். ஹெட்லைட் வழக்கம்போல் மாமரத்துக்குப் போனது. அவள் ரோச்சைப் போட்டு, மணிக்கட்டை என் வலது தோளில் ஊன்றி, வீதிக்கு அடித்தாள். சின்ன வட்டம், ஆனால் அது வேண்டிய இடத்தில் விழுந்தது. கொஞ்சத் தூரம் போனதும் காதுக்குப் பின்னால் கதை தொடங்கியது. "நேற்று எங்கட பிரதி அதிபர் இருக்கிறாரெல்லே, மாடு, வலப்பக்கமா எடுங்கோ, அவர் புதுசா ஒரு கார் வாங்கியிருக்கிறார், பள்ளம், பாத்து, ஆனா ரிவேர்ஸ் எடுக்கத் தெரியாதாம்." நான் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு ஓட்டினேன். ஹெல்மெட் போட்டிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

இப்படியே சில மாதம் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், அவளுடைய பாடசாலையில் அதிபருக்கு அடுத்தவரான அந்தப் பிரதி அதிபர் தொலைபேசியில் கூப்பிட்டார். மனைவி குசினியில் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வெங்காயம் உரித்தாள். நான் விறாந்தைக் கதிரையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். ரிவேர்ஸ் பழகிவிட்டாராம். எங்கள் பக்கமாகத்தான் போகிறாராம். ரீச்சரை வீட்டு வாசலிலேயே ஏற்றி, பாடசாலை வாசலிலேயே இறக்கிவிடுவாராம். காரில் ஏசியும் இருக்கிறதாம். நான் பேப்பரின் அதே வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

"இல்லை சேர், நீங்கள் போங்கோ" என்றாள். "எங்கட வீட்டுக்காரருக்கு அந்த நேரம் வழி தெரியாது. நான் பின்னால இருந்து ரோச் பிடிக்காட்டி ஆள் எங்கையாவது மாட்டோட போய் முட்டிப்போடுவார்."

"ஓம் ரீச்சர், அதுவும் சரிதான்" என்றார் பிரதி அதிபர்.

சரியே இல்லை. அவளை பஸ்ஸுக்குக் கொண்டுபோய் விடுவதற்காகத்தான் நான் இருட்டில் போகிறேன். அவள் காரில் போனால் நான் அந்த நேரத்தில் எங்கேயும் போகத் தேவையில்லை, எந்த மாட்டோடும் முட்டவும் வேண்டியதில்லை. இந்தச் சின்னக் கணக்கு முப்பது வருடம் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவளுக்குத் தெரியாமல் இருக்காது. நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, ஒன்றும் கேட்காதவன்போல் குசினிக்குப் போய், அவளோடு சேர்ந்து வெங்காயம் உரித்தேன்.